ருக்மணி தேவி 'எங்கட ஆள்' என்று சொன்னால் போதுமா?

வருஷத்துக்கு ரெண்டு தடவை எங்கட பேஸ்புக் பக்கங்களில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்றும். ஜனவரியில் ஒருக்கா, ஒக்டோபரில் ஒருக்கா. வட்ட முகம், பெரிய கண், காதில் தோடு. கீழே ஒரே ஒரு வரி: "சிங்கள சினிமாவின் முதல் கதாநாயகி ஒரு தமிழ்ப் பெண், உங்களுக்குத் தெரியுமா?" உடனே நூறு இதயம் விழும். "தமிழன்டா" என்று ஒருத்தர் எழுதுவார். இன்னொருத்தர் வந்து, "அப்ப ஏன் தமிழுக்கு ஒண்டும் செய்யல்ல?" என்று கேட்பார். அதுக்குப் பதில், பதிலுக்குப் பதில், பிறகு வழமையான சண்டை. ரெண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். அடுத்த முறை படம் வரும்வரைக்கும் அந்தப் பெண்ணை யாரும் நினைக்கிறதில்லை.

அந்த வரியில் நாங்கள் பிழை பிடிக்க வரவில்லை. அந்த வரி முடியிற இடத்தில் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் எங்கட ஆதங்கம். பெருமைப்படுகிறவரும் சரி, குறை சொல்கிறவரும் சரி, ருக்மணி தேவி எந்த ரத்தம் என்று மட்டும் பார்க்கிறார்கள். அவர் என்ன வேலை செய்தார், எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று கேட்கிற ஆக்கள் குறைவு. உடப்பு மாதிரி ஒரு ஊரில் இருந்து பார்க்கும்போது இந்தக் கேள்விகள் எங்களுக்குத் தூரத்துக் கேள்விகளாகத் தெரியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறோம். முதலில் கதை.

ராசம்மா

அவர் பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியாப் பக்கம் ரம்பொடையில் பிறந்தார். அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தவர், அம்மா ஆசிரியை. கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பம். பிறகு கொழும்புக்கு வந்துவிட்டார்கள். சின்ன வயதிலேயே நத்தார் நாடகத்தில் ஏறினார். பதின்ம வயது தொடங்கும்போதே சிங்கள மேடையில் 'ராமாயணம்' நாடகத்துக்கு அவரைத் தெரிவு செய்தார்கள். 1930களின் கடைசியில் எச். டபிள்யூ. ரூபசிங்ஹ மாஸ்டரோடு சேர்ந்து கிராமபோன் தட்டுக்குப் பாடினார். அந்தப் பாட்டு புத்தகயா விகாரையைப் போற்றுகிற பாட்டு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. ராசம்மா என்று பெயர் வைத்த வீடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். தொழிலுக்கு ருக்மணி தேவி என்று ஓர் இந்துப் பெயர். தட்டில் சுற்றுவது பௌத்த பக்திப் பாட்டு, அதுவும் சிங்களத்தில். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்திக்குள்ள இந்த நாட்டின் நாலு சமயத்தில் மூன்று வந்து உட்கார்ந்திருக்கின்றன. இதை யாரும் அப்போது ஒரு பெரிய அதிசயமாக எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. குரல் நல்லா இருந்தது, பாட வைத்தார்கள். அவ்வளவுதான்.

'தமிழ்ப் பெண்' என்று சொல்லும்போதுகூட நாம் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். கொழும்புச் செட்டிகள் தென்னிந்தியாவில் இருந்து வந்த வணிகர்களின் வழிவந்தவர்கள். ஆனால் இன்றைக்குக் குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைச் செட்டி' என்று அவர்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. 2012 கணக்கெடுப்பிலும் தனியாகத்தான் எண்ணினார்கள். அதே நேரம், எங்கட புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியை எடுத்துக்கொள்ளுங்க. அவரும் செட்டிச் சமூகத்துக் கிறிஸ்தவர்தான். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலாகத் தொகுத்தவர். ஒரே சமூகத்தில் ஒருவர் தமிழ் இலக்கியத்துக்கு வரலாறு எழுதினார், ஒருவர் சிங்கள சினிமாவுக்கு முதல் முகமானார். பெட்டிக்குள் ஆளை அடைக்கப் பார்த்தால் பெட்டிதான் உடையும்.

மதுரையில் பிறந்த சிங்களப் படம்

நீர்கொழும்பில் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா என்ற நாடகக் குழு அப்போது மிகப் பிரபலம். அந்தக் குழுவின் நகைச்சுவை நடிகர், ஜயமான்னவின் தம்பி எடி ஜயமான்ன. ருக்மணி அந்தக் குழுவின் நாயகியானார், எடியைக் கலியாணம் செய்தார், நீர்கொழும்பு ஆளானார். மினர்வாவின் நாடகங்களில் ஒன்று 'கடவுணு பொறொந்துவ'. தமிழில் சொன்னால் 'முறிந்த வாக்குறுதி'.

அந்த நாடகத்தைப் படமாக்கலாம் என்று முன்வந்தவர் எஸ். எம். நாயகம், தமிழ்நாட்டுக்காரர். மதுரையில் இருந்த அவருடைய சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு நடந்தது. நீர்கொழும்புக் குழு கடல் தாண்டி மதுரைக்குப் போனது. இயக்கியவர் ஜோதிஷ் சிங், வங்காளி. 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் படம் திரைக்கு வந்தது. அதுதான் முதல் சிங்களப் பேசும்படம். நாடு சுதந்திரம் அடைய இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

இப்ப கணக்குப் போடுங்க. சிங்களக் கதை, தமிழ்நாட்டு முதலாளி, வங்காள இயக்குநர், மதுரை ஸ்டூடியோ, நீர்கொழும்புக் குழு, கதாநாயகி ராசம்மா. 'தூய சிங்கள சினிமா' என்று ஒன்றைத் தேடிப் போகிறவர் முதல் படத்திலேயே வழி தவறிவிடுவார். 'ஒரு தமிழச்சிதான் எல்லாம் செய்தாள்' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவரும் அப்படித்தான். அதே 1947இல் வந்த 'அசோகமாலா'வில் பாடி, பின்னாளில் ருக்மணியோடு பல சோடிப் பாட்டுகள் பாடிய மொஹிதீன் பேக், சேலத்தில் பிறந்த ஒரு முஸ்லிம். வெசாக் காலத்தில் பன்சலையில் இருந்து கேட்கிற பாட்டுகளில் பாதி அவர் குரல்தான் என்று எங்கட சிங்கள நண்பர்கள் பகிடியாகச் சொல்வார்கள்.

இது நடந்து பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, 1962இல், இலங்கையின் முதல் தமிழ்ப் படம் 'சமுதாயம்' வந்தது. அதை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச, சிங்களவர். எங்கட ஆக்கள் இதைப் பகிர்கிறதைக் காண்பது அரிது. பெருமைக் கணக்கில் வரவு மட்டும் எழுதுவோம், கடன் எழுதமாட்டோம்.

"ஏன் தமிழுக்கு ஒண்டும் செய்யல்ல?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் அந்த 1962இலேயே இருக்கிறது. 'சமுதாயம்' வந்தபோது ருக்மணிக்கு முப்பத்தொன்பது வயது. அவருக்கு இருபத்துநாலு வயதாக இருந்தபோது இலங்கையில் தமிழ்ப் படம் என்று ஒன்றே கிடையாது. கதவு இல்லாத வீட்டுக்குள்ள அவர் எப்படி வருவார்?

வஞ்சகப் பாதுகாவலன், மறைந்த பதில்

முதல் படத்துக்குப் பிறகு மினர்வா படங்கள் வரிசையாக வந்தன. 1948இல் 'கபட்டி ஆரக்ஷகயா', 1951இல் 'செங்கவுணு பிளித்துர'. தலைப்புகளை மொழிபெயர்த்தால் 'வஞ்சகப் பாதுகாவலன்', 'மறைந்த பதில்'. முறிந்த வாக்குறுதியோடு இதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் காலத்து நாயகி என்ன பாடு பட்டாள் என்று தலைப்பிலேயே விளங்கிவிடும். ஏமாற்றுகிறவன் ஒருத்தன், நம்புகிறவள் ஒருத்தி, அழுகை, பாட்டு, கடைசியில் நீதி.

இந்தப் படங்களை விமர்சகர்கள் பெரிதாக மதிப்பதில்லை. தென்னிந்தியப் படத்தின் நகல், மேடை நாடகத்தைக் கமராவுக்கு முன்னால் வைத்து எடுத்தது, ஊரின் வாசனை இல்லாதது என்று சொல்வார்கள். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' எடுத்து, ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து உண்மையான கிராமத்தைக் காட்டினார். அதோடு சிங்கள சினிமா வயசுக்கு வந்தது என்பது பாடப்புத்தகக் கதை. எங்கட கலைப்பீட வகுப்புகளிலும் அப்படித்தான் படிக்கிறோம். 'ரேகாவ' பெரிய படம், அதில் எங்களுக்கு வேறு கருத்து இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. நகல் என்று நாம் ஒதுக்குகிற அந்தப் படங்களில் ஒரு விஷயம் நகல் இல்லை. அது ருக்மணியின் குரல். நடித்தவரும் அவரே, பாடியவரும் அவரே. பின்னணிப் பாடகி வந்து அவரைக் காப்பாற்றவில்லை. யூடியூப்பில் தேய்ந்த ஒலிப்பதிவாகக் கிடைக்கிற பாட்டுகளைக் கேட்டுப் பாருங்க. வாத்தியங்கள் பின்னால் மங்கிப் போயிருக்கும், சொல் மட்டும் தெளிவாக வந்து நிற்கும். ராசம்மா என்ற பெயரோடு பிறந்தவரின் சிங்கள உச்சரிப்பை சிங்கள ரசிகர்கள் இன்றைக்கும் உதாரணமாகச் சொல்கிறார்கள். அதுக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருந்திருக்கும்? இரண்டாவது மொழியில் ஒரு பிரசன்டேஷன் செய்யவே நாங்கள் நாலு நாள் தூங்காமல் இருந்திருக்கிறோம்.

சீனாவில் ஒரு பாடகி

மொழி மாறிப் பாடின பெண்ணை உலகம் எப்படி நடத்தும் என்று பார்க்க ஓர் உதாரணம் இருக்கிறது. 1920இல் மஞ்சூரியாவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தில் யமகுச்சி யோஷிகோ என்ற பெண் பிறந்தார். சீன மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1938இல் ஜப்பானின் பிடியில் இருந்த மஞ்சூரியப் பட நிறுவனம் அவரை லி சியாங்லான் என்ற சீனப் பெயரோடு திரைக்குக் கொண்டுவந்தது. சீனச் சனம் அவரைச் சீனப் பெண் என்றே நம்பியது, அவர் பாட்டுகளைக் கொண்டாடியது. யுத்தம் முடிந்ததும் அதே சனம் அவரைத் துரோகி என்றது. எதிரிக்குப் படம் நடித்த சீனப் பெண் என்று ஷங்ஹாயில் வழக்கு. ஜப்பானில் இருந்து வந்த குடும்பப் பதிவுப் பத்திரம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. சீனப் பெண்ணே இல்லை என்றால் சீனாவுக்குத் துரோகி ஆக முடியாதே! 1946இல் விடுதலையாகி ஜப்பான் போனார். பிறகு அங்கேயும் நடித்தார், ஹொங்கொங்கிலும் நடித்தார், 1974இல் ஜப்பானிய மேலவைக்குத் தெரிவானார், 2014இல் காலமானார்.

ருக்மணியின் கதையும் அவர் கதையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. லி சியாங்லானின் பெயருக்குப் பின்னால் ஒரு படை இருந்தது, பிரசாரம் இருந்தது, ஆளை மறைக்கிற திட்டம் இருந்தது. ருக்மணியின் பெயருக்குப் பின்னால் இருந்தது ஒரு நாடகக் கொம்பனி மட்டும்தான். ஆனால் ரெண்டு பேரையும் சனம் ஒரே தராசில்தான் நிறுத்தது. குரலைக் கேட்டு அழுதார்கள், பிறகு பத்திரத்தைக் காட்டு என்றார்கள். ஷங்ஹாயில் அது நீதிமன்றத்தில் நடந்தது. எங்கட இடத்தில் கொமென்ட் பகுதியில் நடக்கிறது.

ஏ3 பாதை

எங்கட ஊரில் இருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இந்த வழி மனப்பாடம். பத்துளுஓயாவில் பெரிய ரோட்டைப் பிடித்தால் சிலாபம், மாரவில, வென்னப்புவ, நீர்கொழும்பு, ஜா-எல, கந்தானை, வத்தளை. இந்த ஏ3 பாதைதான் சிங்கள சினிமாவின் பழைய வரைபடம் என்று எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

நீர்கொழும்பு ருக்மணியின் ஊர். அவருக்கு அங்கே சிலையும் இருக்கிறது. கந்தானையில் எஸ். எம். நாயகம் 1950களின் தொடக்கத்தில் ஸ்டூடியோ கட்டினார், பெயர் ஸ்ரீ முருகன் நவகலா. சிங்களப் படம் எடுக்க இனி மதுரைக்குப் போகத் தேவையில்லை என்று ஆனது அப்போதுதான். ஸ்டூடியோவுக்கு முருகன் பெயர், உள்ளே சிங்களப் படம். இன்னும் கொஞ்சம் போனால் வத்தளைப் பக்கம் ஹெந்தளை. அங்கே கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. 1983 ஜூலையில் அதைக் கொளுத்தினார்கள். பல படங்களின் நெகட்டிவ்கள் அதோடு எரிந்து போயின. எரிந்ததில் பெரும்பகுதி சிங்களப் படங்கள். அதே கலவரத்தில்தான் சிங்களப் படங்கள் இயக்கிய கே. வெங்கட்டையும் கொன்றார்கள்.

'கலை எல்லாரையும் ஒன்றாக்கும்' என்ற பேச்சை நாங்கள் அவ்வளவு லேசாக நம்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். பாட்டைக் காதலித்த நாடு, பாட்டு எடுத்த வீட்டைக் கொளுத்தியது. ருக்மணி தேவியின் குரலை வானொலியில் கேட்டுக்கொண்டே 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. ஒரு கலைஞரை நேசிப்பதும் அவர் பிறந்த சனத்தோடு நியாயமாக நடப்பதும் ரெண்டு வேறு வேலைகள். முதல் வேலையைச் செய்துவிட்டு ரெண்டாவதையும் செய்ததாக நினைக்கிறது லேசு. சிங்கள நண்பர்கள் "எங்கட ருக்மணி" என்று உருகும்போது நாங்கள் சந்தோஷப்படுகிறோம். கூடவே ராசம்மா என்ற பெயரையும் ஒருக்கா வாய்விட்டுச் சொல்லுங்க என்று கேட்கிறோம்.

கந்தானைக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்ல என்று ஒரு இடம் வரும். 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி அங்கேதான் ருக்மணி தேவி செத்தார். மாத்தறையில் இரவு இசை நிகழ்ச்சி முடித்துவிட்டு வீடு திரும்பும்போது வாகனம் மரத்தில் மோதியது. வீட்டுக்கு இன்னும் இருபது கிலோமீற்றருக்கும் குறைவு. அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

இந்தச் சாவைப் பற்றி எழுதுகிறவர்கள் 'விதி' என்று எழுதுவார்கள். நாங்கள் அதை வேலைநேரத்தில் நடந்த சாவு என்று வாசிக்கிறோம். முப்பது வருஷத்துக்கு மேல் திரையிலும் மேடையிலும் இருந்த ஒரு பெண், நாட்டின் முதல் நட்சத்திரம், ஐம்பத்தைந்து வயதில் தெற்கில் பாடிவிட்டு விடிய விடிய வாகனத்தில் வர வேண்டி இருந்தது ஏன்? காரணம் விளங்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நாயகிக்கு வயது போனால் தாய் வேஷம். தாய் வேஷமும் குறைந்தால் மேடை. மேடை என்றால் ராத்திரிப் பயணம். கூட நடித்த ஆண்கள் நரைத்த தலைக்கு மை பூசிக்கொண்டு நாயகனாகவே இருப்பார்கள். இது சிங்கள சினிமாவின் குணம் மட்டும் இல்லை, கோடம்பாக்கமும் அதே கதைதான். 'நைட்டிங்கேல்' என்று பட்டம் கொடுத்தோம். குயிலுக்கு ஓய்வூதியம் யார் கொடுப்பார்?

தமிழ்ப் பெண்ணா என்று சண்டை பிடிக்கிற நூறு கொமென்ட்டில் ஒன்றாவது இதைக் கேட்டிருந்தால் நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம்.

உடப்பில் இதை ஏன் பேசுகிறோம்

நீர்கொழும்பில் இருந்து சிலாபம் வரைக்கும் இந்தக் கரையில் ஒரு காலத்தில் தமிழ் ஓடியது. இப்பவும் சில வீடுகளில் பாட்டிமார் தமிழில் செபம் சொல்வார்கள், பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். பள்ளிக்கூடம் எந்த மொழியோ வீடும் அந்த மொழியாகிப் போனது. உடப்பு அப்படி ஆகவில்லை. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவும், கோயிலில் படிக்கிற பாரதமும் எங்களுக்கு இன்னும் தமிழில்தான். ஆகவே மொழி போய்விடும் என்கிற பயத்தை நாங்கள் பகிடி பண்ணமாட்டோம். அது எங்கட வீட்டுப் பயம். ருக்மணி மாதிரி ஒருத்தர் மொழி மாறிப் போனால் மனதுக்குள்ள ஏதோ குத்தும் என்று எங்கட பெரியாக்கள் சொல்லும்போது அதை விளங்கிக்கொள்கிறோம்.

ஆனால் இந்தக் கரையின் தமிழை ஒரு நடிகை கொண்டுபோகவில்லை. தமிழ் வகுப்பு மூடின பள்ளிக்கூடம் கொண்டுபோனது, சிங்களம் தெரிந்தால்தான் வேலை என்ற நிலைமை கொண்டுபோனது. மொழியைக் காப்பாற்றுகிற பெரிய வேலையை ஒரு பாட்டுக்காரியின் தலையில் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவக் கூடாது. பிள்ளைகளுக்கு நல்ல தமிழ் வாத்தியார் வேணும், வாசிக்கப் புத்தகம் வேணும், தமிழில் படித்தாலும் தொழில் கிடைக்க வேணும். அதுக்குச் சண்டை பிடிக்கலாம், வாங்க. அதோடு, பக்கத்து ஊர்க்காரரின் மொழியை நல்லாப் பழகுகிறதும் துரோகம் இல்லை. ருக்மணி அதை மேடையில் நின்று காட்டியவர்.

இனி எங்கட சொந்த விஷயம். போன வருஷம் நாங்கள் ஒரு குறுநாடகம் போடலாம் என்று இறங்கினோம். பாரதத்தில் சூதாட்ட சபை. அரை மணித்தியாலம். எழுத்து ரெடி, மத்தளத்துக்கு ஆள் ரெடி. பாஞ்சாலியாக நடிக்க மூன்று பிள்ளைகள் ஆசையோடு வந்தார்கள். ஒத்திகையில் ஒரு தங்கச்சி, சபையைப் பார்த்துக் கேள்வி கேட்கிற இடத்தில், எங்களில் நாலு பேரை வாயடைக்க வைத்தாள். ஒரு கிழமையில் மூன்று வீட்டில் இருந்தும் செய்தி வந்தது. "பாட்டுப் பாடட்டும், நடிக்க வேணாம்." "நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வரும்." "படம் எடுத்து போனில் போடுவாங்க." கடைசியில் ஒரு அண்ணா மீசையை வழித்துவிட்டுச் சேலை கட்டினார். சனம் சிரித்தது. சூதாட்ட சபை பகிடிக் காட்சியாக முடிந்தது.

அந்த வீடுகளை நாங்கள் குறை சொல்லி எழுதவில்லை. அவர்கள் சொன்ன பயம் எல்லாம் உண்மையான பயம். போனில் படம் எடுத்துப் பரப்புகிறவன் எங்கட ஊரிலும் இருக்கிறான், கலியாணச் சந்தையில் கதை கட்டுகிறவரும் இருக்கிறார். ஆனால் இந்தப் பயத்தின் விலையைக் கட்டுகிறது எப்பவும் அந்தப் பிள்ளைதான். படம் எடுக்கிறவனை யாரும் வீட்டுக்குள்ள இருக்கச் சொல்கிறதில்லை.

நாங்கள் திரௌபதை அம்மன் கோயில் ஊர். ஆடி மாதம் பதினெட்டு நாள் திருவிழா, பாரதம் படிப்பு, கடைசியில் தீமிதிப்பு. சபையில் நின்று நியாயம் கேட்ட ஒரு பெண்ணை வருஷா வருஷம் தெய்வமாகக் கும்பிட்டு, அவள் பெயரில் நெருப்பில் நடக்கிற சனம் நாங்கள். அந்தச் சனத்துக்கு, அவள் கதையை அவள் வயதுப் பிள்ளை ஒருத்தி மேடையில் சொல்கிறது மட்டும் ஏன் கூச்சமாக இருக்க வேணும்? அதே கூச்சத்தோடு பேஸ்புக்கில் போய் "முதல் கதாநாயகி தமிழ்ப் பெண்" என்று இதயம் போடுகிறோமே, அது எந்தக் கணக்கு? 1930களில் ராசம்மா எங்கட ஊரில் பிறந்திருந்தால் நாம் அவரைப் பாட விட்டிருப்போமா?

பெருமை என்பது செத்துப்போன பெண்ணுக்கு மட்டும் கொடுக்கிற சாமான் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறது எச்சரிக்கை.

ஆகவே எங்கட கருத்து இவ்வளவுதான். ருக்மணி தேவியை நினைக்கிறதென்றால் அவர் வேலையை நினைப்போம். அவர் பாடின ஒரு பாட்டை முழுசாகக் கேளுங்க. சொல் விளங்கவில்லை என்றால் கூடப் படிக்கிற சிங்கள நண்பரிடம் கேளுங்க, அவர்களிலும் பாதிப் பேர் முதல்முறையாகக் கேட்பார்கள். கந்தானையும் ஹெந்தளையும் துடெல்லவும் பஸ் ஜன்னலில் வரும்போது அங்கே என்ன இருந்தது என்று பக்கத்தில் இருக்கிற தம்பி தங்கச்சிக்குச் சொல்லுங்க. பாடகிகளுக்கும் நடிகைகளுக்கும் வயது போன பிறகு என்ன நடக்கிறது என்று எழுதுங்க. எங்கட பக்கத்துக்கு அனுப்புங்க, போடுவோம்.

நாடகத்தை வருகிற வருஷம் திரும்பவும் போடப் போகிறோம். மூன்று வீட்டுக்கும் அம்மாமாரோடு கதைக்க இப்பவே போய்வரத் தொடங்கியிருக்கிறோம். ஒத்திகைக்கு அம்மாமாரும் வரலாம், போனை வாசலில் வாங்கி வைப்போம், இரவு ஏழு மணிக்கு முன்னால் பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லியிருக்கிறோம். ஒரு அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் போன கிழமை எங்களிடம் ஒன்று கேட்டார்: "அந்தச் சபைக் கட்டத்தில் என்ட பிள்ளை என்ன கேள்வி கேட்கப் போறா?"